மூன்று நிமிடத்தில் அடங்காத ஓரன்

எங்கள் போமாண்ட் ஊரில் காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி இல்லாத கடை கிடையாது. அதில் பத்துப் பாட்டு கேட்டால் ஆறில் பியானோ வாசிக்கிறவனின் இடக்கைத் தாளம் நொண்டும். தும், தும், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் அவசரமாக ஒரு தாவல். கேட்கிறவர்கள் சொக்கிப்போகிறார்கள். ரேடியோவில் ஒருவன் அதற்கு என்னவோ பெரிய பெயர் சொன்னான். பெயராம், பெயர்! அது என் புருஷன் ஓரன் ஹேட்னட்டின் இடக்கை. அவனும் அதை யோசித்துச் செய்யவில்லை. மரம் வெட்டும் முகாமில் இருந்த பியானோவில் அந்த இடத்துக் கட்டை அழுத்தினாலும் சத்தம் வராமல் செத்துக் கிடந்தது, அதைத் தாண்டிப் போனான், அவ்வளவுதான். நல்ல பியானோ கிடைத்த ஊர்களிலும் பழக்கத்தில் கை தாவியது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

பைன் காட்டுக்குள் தண்டவாளம் முடிகிற இடத்தில் முகாம். சனிக்கிழமை ஆனால் ஆட்டக் கொட்டகை நிரம்பிவிடும். நான் ஒரு மூலையில் கெளுத்தி மீன் பொரிப்பேன், ஓரன் எதிர் மூலையில் நின்றுகொண்டே வாசிப்பான். அங்கே ஒரு சட்டம் உண்டு. தரையில் ஒரு ஜோடிக் கால் ஆடுகிறவரை பியானோக்காரன் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் ஒரே பாட்டு அரைமணி நேரம்கூடப் போகும். முதலில் ஊருக்காக வாசிப்பான். எல்லாரும் களைத்து ஒதுங்கி, ஓரிருவர் மட்டும் மிஞ்சும்போதுதான் தனக்காக வாசிப்பான். அப்போது இடக்கை அடங்கிவிடும். வலக்கை மட்டும் மேல் கட்டைகளுக்குப் போய், யாரையோ பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடும். அந்த இடம் வரவேண்டும் என்பதற்காகவே நான் வாணலியை இறக்கிவைத்துவிட்டுப் போய் ஆடுவேன். ஐயோ, அந்த இடம்!

ஒரு வருஷம், இசைத்தட்டு போடுகிற வெள்ளைக்காரர்கள் டல்லஸில் ஒரு ஹோட்டல் அறையில் இறங்கி ஓரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சட்டைக்குக் கஞ்சி போட்டு அனுப்பிவைத்தேன். போனவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"என்னய்யா, பாட்டு எடுத்தாங்களா?"

"எடுக்கல."

"ஏன், கை நடுங்கிடுச்சா?"

"கை நல்லாத்தான் ஓடுச்சு. மூணு நிமிஷம் ஆனா செவப்பு வெளக்கு போடுறாங்க, வெர்டி. தட்டுல அவ்வளவுதான் புடிக்குமாம், உடனே நிறுத்தணுமாம். பாட்டைப் பதியுற மெழுகுத் தட்டைச் சுத்துற ஆளு இருக்கானே, அவன் தாளத்துக்குக் காலை ஆட்டிக்கிட்டு நிக்கிறான். ஒருத்தன் ஆடிக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி நிறுத்துறது?"

"அட என் மக்கு மகராசா!"

"எல்லாத் தட்டும் பாழுன்னு கத்துறாங்க. காலை ஆட்டினது அவன், திட்டு எனக்கு."

முகாமே சிரித்தது. அதற்கப்புறம் ஓரன் சாப்பிட உட்கார்ந்தால் போதும், எவனாவது சிவப்புக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவான். அவனும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயா, முடிச்சுட்டேன்" என்பான். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். ஒரு தட்டு இல்லை, ஒரு போட்டோ இல்லை. அவன் நொண்டல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஆனால் எனக்கு வேண்டியது அதுவா? அந்தக் கூப்பிடுகிற இடம் எந்தத் தட்டிலும் இல்லை. எத்தனை காசு போட்டுப் பார்த்துவிட்டேன்!

போன வசந்தத்தில் ஆல்சீட் பட்டிஸ்ட் எங்கள் ஊருக்கு வாசிக்க வந்தான். முகாமில் ரம்பம் இழுத்தவன், ஓரனை ஒட்டி நின்று வாசிக்கக் கற்றவன். இப்போது தட்டுக்கு மேல் தட்டாகப் போடுகிறான். மத்தியானம் பியானோவைச் சரிபார்க்க மண்டபத்துக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நேராகப் போய் நின்றேன்.

"வெர்டி அக்கா! இன்னும் உயிரோடவா இருக்க?"

"உன் தட்டக் கேட்டுக் கேட்டுப் பாதி செத்துட்டேன். எந்திரிடா. நின்னு வாசி, ஓரன் வாசிச்ச மாதிரி. முழுசா வேணும்."

எழுந்து நின்று வாசித்தான். நொண்டல் அப்படியே வந்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பட்டென்று நிறுத்திவிட்டான்.

"ஏண்டா?"

"முடிஞ்சிருச்சே அக்கா."

"எங்கடா முடிஞ்சுது? அவன் இன்னும் ஊருக்குத்தான் வாசிக்கிறான்!"

மறுபடி வாசித்தான். அதே இடத்தில் நின்றான். தலைகுனிந்து கையைப் பார்த்தான். "தானா நின்னுடுது அக்கா. இத்தன வருஷமா மூணு நிமிஷமே வாசிச்சு வாசிச்சு, அதுக்கப்புறம் என்ன வரும்னு மறந்தே போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். செருப்பை உதறிவிட்டுத் தரையின் நடுவில் போய் நின்றேன். "வாசி. நான் ஆடுறேன்."

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

"முட்டி என் பாடு. நீ கட்டையப் பாரு."

சிரித்துக்கொண்டே தொடங்கினான். நான் ஆடினேன். அவன் நிற்கிற இடம் வந்தது. என் காலைப் பார்த்தான், கை நிற்கவில்லை. இருட்டு வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல விரல்கள் தடுமாறித் தடுமாறிப் போயின. எனக்கு மூச்சு வாங்கியது. பெருக்க வந்தவள் விளக்குமாறோடு நின்று பார்த்தாள். எவ்வளவு நேரம் ஆடினேனோ தெரியாது. மெல்ல இடக்கை அடங்கியது. வலக்கை மேலே போயிற்று.

"இதான் அக்கா... இதான்," என்றான் ஆல்சீட். அவன் கன்னம் நனைந்திருந்தது.

அந்த வாசிப்பில் ஓரன் வந்துவிட்டான். என் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறான், மடச்சி நான், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. வலது முட்டி மடங்கியது. பியானோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலை மட்டும் இழுத்து இழுத்து ஆடினேன். அதுவும் போய், தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன இருந்தாலும் முகாம் ஆள் அல்லவா ஆல்சீட், ஆடுகிற கால் நின்றதும் கையை எடுத்துவிட்டான்.

"நிறுத்தாதடா!" என்று கத்தினேன்.

திரும்பக் கையை வைத்துப் பார்த்தான், வரவில்லை. என் கால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருந்தால் ஓரனை இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பேன்.