சத்தம் போடாத டிராலி

இன்று காலை கம்பெனி பஸ்ஸில், சேரப்பணஞ்சேரியில் ஏறிய கலா என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்பவர். 

"மேடம், அந்தத் தானா ஓடற டிராலி இப்போ கத்தறதே இல்ல. காதுக்கு நிம்மதியா கீது. யாரோ புண்ணியம் கட்டிக்கினாங்க."

அந்த யாரோ நான்தான்.

டிராலிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. போன வாரம் தேவையற்ற மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். ஆடியோவையும் எடுத்தேன். சரக்கு வண்டிக்குப் பாட்டு எதற்கு? நான் மேஜையில் வைத்துச் சோதித்த அதே மாதிரிக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. எந்தப் பிழையும் காட்டவில்லை.

"கிட்ட வந்தா எப்படித் தெரியுது?"

"எங்க தெரியுது? நேத்து குனிஞ்சு ஸ்க்ரூ பொறுக்கிக்கினு இருந்தேன், திரும்பினா மூஞ்சிகிட்ட நிக்குது. இப்போ அதுக்குப் பதிலா நாங்க கத்தறோம்!"

அவர் சிரித்தார். நேற்று, எதிரே ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார் வேலை செய்ததால் நின்றது. அது வேலை செய்யாத நாளுக்காகத்தான் அந்த எச்சரிக்கைச் சத்தமே; ஆடியோவோடு அதையும் எடுத்துவிட்டிருக்கிறேன்.

சூப்பர்வைசருக்கு போன் செய்து, டிராலிகளை உடனே நிறுத்தச் சொன்னேன்.

"லைனே நின்னுடும் மேடம். யார் பதில் சொல்றது?"

"நான்."

மதியத்துக்குள் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டோம். டிராலி மறுபடி காது கிழியக் கத்துகிறது. கலா தூரத்திலிருந்து என்னை முறைத்தார்.

இதே போல வேறு இயந்திரங்களிலும் நிறைய நீக்கியிருக்கிறேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

நம் கம்பெனியில் உங்கள் பக்கம் ஏதாவது இயந்திரம் திடீரென்று அமைதியாகியிருந்தால், சந்தோஷப்படும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.