வீட்டில் யாரும் சொல்லாத பேர்

என் மகனின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மறைக்க ஒன்றுமில்லை. அது நான் மாமா என்று கூப்பிடும் என் மாமனாரின் பேர், நான் அந்த வீட்டு மருமகள், பழக்கம் விரலுக்கும் வந்துவிட்டது. மலைமேல் நிற்கிற ஒரு சாமியின் பேர், நீளமான பேர் என்பதுவரை சொல்லலாம்.

அதை நான்தான் வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் மாமாவின் அக்கா வீடு, இந்தக் கரையில் நாங்கள். காலையில் அக்கா கரையில் நின்று தம்பியின் பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுப்பார். மாமா எந்த வேலையில் இருந்தாலும் "தோ வந்துட்டேன்" என்பார். எழுபதை நெருங்குகிற மனுஷன், அந்த ஒரு குரலுக்கு மட்டும் சின்னப் பையனாக ஓடுவார். எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அந்த அக்கா இறந்துபோனார். காரியம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த மாமா, "இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்புட ஊர்ல ஆள் இல்ல" என்றார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார். பையன் பிறந்தால் இந்தப் பேர்தான் என்று கரண்டியைப் பிடித்தபடியே முடிவு செய்தேன். ஒன்றை முடிவு செய்துவிட்டால் எனக்குக் காது கேட்காது என்று என் அம்மா சொல்வார்.

பிறப்புப் பதிவுக்கு எழுத வந்த நர்ஸ் நான் சொன்னதைக் கேட்டுப் பேனாவை நிறுத்தினார். "கொழந்த பேரக் கேட்டேம்மா. தாத்தா பேரு அப்பறம்." சென்னையில் இருக்கும் என் அக்கா போனிலேயே சிரித்தாள். "பொறக்கும்போதே பென்ஷன் வாங்கற பேரா இருக்கேடி!" நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், "பெரிய ஆளானதும் பசங்க கிண்டல் பண்ணுவாங்களே மிஸ்" என்று என் பிள்ளைக்காக உருகினாள். அவள் பையனுக்கு வைத்திருக்கும் பேரைக் கூப்பிட்டால் யாரோ தும்மிய மாதிரி இருக்கும். நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

அபுதாபியில் இருக்கும் என் கணவர் மட்டும் "சரி, வெய்யி" என்றார். மாமா, "பாவம், பயலுக்கு எதுக்கு இந்தப் பேரு" என்றார். மறுநாள் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர் திரும்பி வர இரண்டு மணி நேரமானது. டீக்கடையில் ஒருத்தரையும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

தொட்டில் போட்ட அன்று என் நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொன்னாள். அதோடு சரி.

பிறகுதான் சிக்கல் புரிந்தது. என் மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்ப்பார், அவள் சொல்வாள். அப்படிப்பட்டவர் அந்தப் பேரைச் சொல்லி "சோறு தின்ன வாடா" என்று எப்படிக் கூப்பிடுவார்? மாமா காதுபட அந்தப் பேரோடு ஒரு 'டா' சேர்க்க எனக்கும் வாய் வரவில்லை. என் கணவருக்கு அது அப்பா பேர். மாமாவுக்கோ தன் பேரைத் தானே கூப்பிடக் கூச்சம். ஆக எல்லோருக்கும் அவன் தம்பி. தம்பி சாப்பிட்டானா, தம்பி தூங்கிட்டானா. பேர் தடுப்பூசி அட்டையிலும் ஆதாரிலும் பத்திரமாக இருந்தது.

மூன்றரை வயதில் குத்தாலத்தில் ஒரு நர்சரியில் சேர்த்தோம். இரண்டாவது வாரம் அவன் டீச்சர் போன் செய்தாள். "தப்பா நெனைக்காதீங்க மிஸ். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான். பக்கத்துல போய்த் தொட்டாத்தான் பாக்கறான். ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிடுங்க."

அன்று சாயங்காலம் கொல்லையில் அவன் தென்னங்குரும்பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். மாமா வயலில் இருந்தார். பின்னால் நின்று பேரைச் சொன்னேன். திரும்பவில்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை கத்தினேன். தலை அசையவில்லை. கையைத் தட்டினேன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காது கேட்கிறது. அப்படியானால் வேறென்ன? போனை எடுத்துத் தேடினேன். பேர் சொன்னால் திரும்பாத குழந்தை என்று ஆட்டிசத்தின் அறிகுறிகளில் முதலிலேயே இருந்தது. கொஞ்சம் கீழே, பொருள்களை வரிசையாக அடுக்குவது என்றும் இருந்தது. குரும்பைகளைப் பார்த்தேன்.

சென்னை அக்கா, "பேர் பொருந்தலடி, மாத்திப் பாரேன்" என்றாள். அதுவரை அவள் சொன்னதற்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொன்ன நான், அன்று "பாக்கறேன்" என்று போனை வைத்தேன். என் பிடிவாதத்துக்குப் பிள்ளை பலியாகிறானோ என்று நினைத்தேன். வகுப்பில் தினமும் நாற்பது பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுகிறவள் நான். எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி மேயப் போய்விடுகிறது.

லீவு போட்டுவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு ரயிலில் தஞ்சாவூர் போனேன். குழந்தை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. சீட்டைப் பார்த்துப் பேரைப் படித்தார். "நல்ல பேரு. எங்க ஊர்ல இந்தப் பேருல ஒரு தலையாரி இருந்தாரு" என்றார். பிறகு பேரைச் சொல்லி இவனைக் கூப்பிட்டார். இவன் மேஜைமேல் இருந்த ரப்பர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. ஃபேன் எங்கே என்றார், மேலே காட்டினான். அந்தப் பந்தை எடுத்துப் பாட்டியிடம் கொடு என்றார், கொடுத்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். "இட்லி. சட்னி காரம்" என்றான். இன்னும் என்னென்னவோ கேட்டு, எழுதி, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"வீட்ல இவன எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து அத்தை சொன்னார். "தம்பின்னு."

அந்தக் கணமே பிள்ளை திரும்பி, "என்னா பாட்டி?" என்றான்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. அவனுக்கு அவன் பேரு தெரியாது, அவ்வளவுதான். யாராவது சொல்லியிருந்தாத்தானே? ஒரு மாசம் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, போங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அவனுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ரயிலடிக்கு வந்து அபுதாபிக்குப் போன் போட்டுச் சொன்னால், அவர், "தம்பிகிட்ட குடு" என்றார். "மொதல்ல நீங்க பேரச் சொல்லுங்க" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

ரயில் ஏறினோம். கும்பகோணம் போனது, ஆடுதுறை போனது, அத்தை மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நானாக, "நீங்க சொல்ல வேணாம் அத்தை, நாங்க பழக்கிக்கிறோம்" என்றேன். "நாள் பூரா அவனோட இருக்கறது நாந்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமா வயலிலிருந்து வந்து கொல்லைக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரே ஓட்டமாகக் குரும்பைகளிடம் போய் உட்கார்ந்துவிட்டான். நான் டாக்டர் சொன்னதை மாமாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், அத்தை கொல்லை வாசற்படியில் வந்து நின்றார். நிலைப்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அந்தப் பேரை, முழுப் பேரையும், ஒரு எழுத்து குறையாமல் சத்தமாகக் கூப்பிட்டார்.

பிள்ளை திரும்பவில்லை.

"தோ வந்துட்டேன்" என்று மாமா திரும்பினார். திரும்பி, அத்தையைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அத்தைக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "ஒங்களக் கூப்புடல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "புள்ளையக் கூப்பிட்டேன்."

மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார், முகத்தையும் துடைத்தார்.

"அதான் அவன் இன்னும் திரும்பலியே" என்றார். "இன்னொரு தரம் கூப்புடு."