நிர்வாகி பிறெடி கதவைத் தட்டுகிறார்

பூட்டில் சாவியைப் போடுமுன் பிறெடி கதவைத் தட்டுவார். உள்ளே யாரும் இல்லை. வீட்டுக்காரரான அண்ணன் ஹியூபேட், தனிக்கட்டை, மாதம்பிட்டிச் சேமக்காலைக் கல்லறைக்குக் குடிபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் தட்டாமல் நுழைவதில்லை. "மத்த ஆக்கள்ற வீடில்லியா?" என்பார்.

அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் அதிலுள்ள சகலத்துக்கும் நீதிமன்றம் அவரைத்தான் ஆதன நிர்வாகியாக நியமித்திருக்கிறது. அதாவது, அங்கே எதையும் செய்ய உரிமையுள்ள ஒரே மனிதர் அவர். அன்றிலிருந்து அவர் எதையும் செய்வதில்லை. மின்விசிறி போடுவதில்லை, மின்சாரம் அண்ணன் விட்டுப்போன ஆதனத்துடையது. குடிக்கத் தண்ணீர் சொந்த வீட்டிலிருந்து போத்தலில் வரும். ஒருமுறை பெருமழை, ஆணியில் தொங்கிய அண்ணனின் குடையைப் பார்த்துக்கொண்டே நனைந்து வீடு போய்க் காய்ச்சலில் விழுந்தார். ஹியூபேட்டின் சாய்மனைக் கதிரையைத் தூசு தட்டுவார், இருக்க மாட்டார். இதற்கு அனுமதி வாங்கித் தரும்படி சட்டத்தரணி நிஷாந்தியைக் கேட்டும் பார்த்தார்.

"அங்கிள், கதிரையில இருக்கிறதுக்கெல்லாம் கோட்ஸ்ல ஓடர் எடுக்க ஏலாது."

"அப்ப நிண்டுகொள்றன் மிஸ்."

துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு பெட்டி அசைவதென்றாலும் யாராவது ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒருவராக ஆக்கப் பார்த்தபோது பிறெடி வயிற்றுவலி என்று லீவு போட்டார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போன பிறகே வயிறு சரியானது.

இப்படிப்பட்டவரிடம்தான் லொறி விவகாரம் வந்து சேர்ந்தது. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யாட்டில், ஹியூபேட்டின் லொறிமீது கிறேன் கொள்கலனைப் போட்டுவிட்டது. ஹியூபேட் பிளேன்டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பினார்; சில மாதம் கழித்து மாரடைப்பு வந்தபோது தப்பவில்லை. நட்டஈடு கேட்கும் உரிமை தம்பியின் தலையில் இறங்கியது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த உரிமை செத்துவிடும். யாட் மனேஜருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே எப்போதும் சிங்கள முறையில் அண்ணனாக்கி அன்பாகவே பேசுவார்: "அய்யே, எதுக்குக் கோட்ஸ்? பேசி முடிப்பம். அடுத்த கிழமை வாங்க."

பிறெடியும் அதே முறையில் தம்பியாக்கி, "சரி மல்லி" என்பார்.

வழக்குப் போட்டுத் தோற்றால் எதிராளியின் செலவு தன் கையிலிருந்து போகுமோ? போடாமல் விட்டால், பங்கை நாசமாக்கியதாகத் தங்கை றேணுகா தன்மீதே வழக்குப் போடுவாளோ? இத்தாலியிலிருந்து தொலைபேசியில் றேணுகா இரண்டையும் உறுதிப்படுத்தினாள்.

"போடாட்டி உங்கள விடமாட்டன் சின்னண்ணா."

"தோத்தா?"

"தோத்தா உங்கட பாடு. என்னட்ட சல்லி கேக்க வேணாம்."

பிறெடிக்கு நித்திரை போனது. மனைவி றஞ்சிதத்துக்கு இதில் புதினமில்லை. "கலியாணத்தண்டைக்கு ஓம் சொல்ல வைக்கவே பாதர் ரெண்டு தரம் கேட்டவர்," என்றாள்.

நிஷாந்தி ஒரு வழி சொன்னார்: வழக்குப் போடலாமா என்று, நியமித்த நீதிமன்றத்தையே கேட்பது. பிறெடியின் வாழ்நாளில் யாரும் அவருக்கு இவ்வளவு இனிப்பான செய்தி சொன்னதில்லை. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் விண்ணப்பம் போடப்பட்டது. தவணைக்கு மேல் தவணை. கடைசியில் நீதிபதி கடதாசிகளைப் புரட்டிப் பார்த்து, வழக்கில் நியாயம் இருக்கிறது, தொடரலாம், செலவை ஆதனத்திலிருந்து எடுக்கலாம் என்று கட்டளையிட்டார். நிஷாந்தி சிரித்தார். பிறெடி வெளிறிப்போனார்.

"கட்டாயம் போடு எண்டு அவர் சொல்லேல்லையே மிஸ்?"

"கேட்டைத் திறந்து விட்டிருக்கிறார் அங்கிள். உங்களத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். நாளையோட ரெண்டு வருசம் முடியுது. லொறிட பைலை எடுத்துக்கொண்டு வந்து சைன் வையுங்க."

மறுநாள் காலை பிறெடி கதவைத் தட்டினார், திறந்தார், அலுமாரியிலிருந்து பைலை எடுத்தார். கைத்தொலைபேசி அடித்தது. மனேஜர்.

"அய்யே, திங்கட்கிழமை கட்டாயம் பேசி முடிப்பம். என்ன?"

பிறெடி அண்ணனின் கதிரையைப் பார்த்தார். கதிரை ஒரு வழிகாட்டலும் தரவில்லை.

"திங்கள்..." பைலை மற்றக் கைக்கு மாற்றினார். "திங்கள் ஏலாது மல்லி. வழக்கிருக்கு."

சொல்லிவிட்டு, தொலைபேசி கடித்துவிடும் போல அதைச் சட்டைப்பையில் போட்டார். கதிரை பக்கத்தில்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே மழை கொட்டத் தொடங்கியது. ஆணியில் தொங்கிய குடையைப் பிறெடி வெகுநேரம் பார்த்தார். பிறகு எடுத்தார். கதவைப் பூட்டி, ஒழுங்கையில் இறங்கி, விரித்தார். நீட்டிய இடக்கையில் பைல்; அதற்கு நேர் மேலே, வலக்கையில் அண்ணனின் குடை. ஆதனத்தில் சேராத வழுக்கைத் தலை மட்டும் மழையில் நனைந்தபடி புதுக்கடைப் பக்கம் திரும்பியது.