வெட்டிவிட்டு விலகி நின்றவர்

பாறசாலையில் மரஞ்செடி பராமரிப்புப் பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். வெள்ளறடைக்காரர். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் மட்டும் ஒரு கொப்பை வெட்டியதும் பின்னால் தள்ளிப் போய், செடியை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

பயிற்சி முடிவில் ஒருவருக்குத்தான் ஒரு கல்லூரித் தோட்டத்தில் வேலை. அது எனக்கு வேண்டியிருந்தது. அவர் கத்தரி எங்கேயாவது தவறாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்குக் குறைத்துவிட்டார். செடி செத்தது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். சில வாரங்களில் அது சுற்றிலும் தளிர்விட்டது. நான் பயந்து பயந்து நுனி கிள்ளிய செடி மெலிந்து ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

பொறுக்காமல் கேட்டேன். "அக்காவுக்குப் பயமே கிடையாதா?"

"நல்ல பயம் உண்டு மக்கா. கை விறைக்கும். அந்த நடுக்கம் நிக்கட்டும்னாக்கும் தள்ளிப் போய் நிக்கியது. வெட்டினதை ஒட்டவைக்க ஒக்குமா?"

எனக்கும்தான் கை நடுங்கியது. அப்போது விலகி நிற்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. இப்போதும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கல்லூரி மதில் வந்தால் எட்டிப் பார்க்கிறேன். ஒரு செடியாவது வாடியிருக்காதா என்று தேடுகிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. ஆனால் அந்த மரங்கள் மறையும்வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.