சமாதானம் நெய்யப் போனவள்

அக்கா பழைய ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்த காலை வேளைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டு, தொண்டையில் மீன்முள் சிக்கியவள்போல அவள் உச்சரிப்பதைக் கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் சிதம்பரம் போய் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் உறவில் அவ்வளவு படித்த பெண் வேறு யாருமில்லை.

ஆங்கிலோ-சாக்சன் மக்களைப் பற்றி அவளுக்கு ஒரு பாடம் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்காரர்கள். தலைவனுக்காக உயிரை விடுவார்கள், ரத்தத்துக்கு ரத்தம் வாங்குவார்கள், மற்றதையெல்லாம் விதி பார்த்துக்கொள்ளும் என்று நம்புவார்கள். இரண்டு குலங்களுக்குள் பகை முற்றினால் ஒரு வீட்டுப் பெண்ணை மறு வீட்டுக்குக் கட்டிக்கொடுப்பார்களாம். அவளுக்குச் 'சமாதானம் நெய்கிறவள்' என்று பெயர். விருந்தில் மதுக்கிண்ணத்தை ஏந்தி, யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று வரிசை தப்பாமல் நீட்டுவதும் அவள் வேலை. வெள்ளைக்காரனும் நம்மாட்டம்தான் இருந்திருக்கிறான் என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பாவும் தாய்மாமாவும் பங்காகப் பீங்கான் ஜாடி சுடும் சூளை வைத்திருந்தார்கள். யார் சரக்கை முதலில் அடுக்குவது என்று தொடங்கிய தகராறில் அண்ணன் மாமாவின் மண்டையை உடைத்துவிட்டான். போலீஸ், கேஸ் என்று ஆயிற்று. பெரியவர்கள் கூடிப் பேசி, அக்காவை மாமா மகனுக்குக் கொடுத்தால் கேஸை வாபஸ் வாங்கலாம் என்றார்கள். பரீட்சைகூட முடியவில்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன். "அந்தக் கதைங்கள்ல அப்படிப் போன ஒருத்திக்காவது நல்லபடியா முடிஞ்சிருக்குதாக்கா?"

"நான் படிச்ச வரைக்கும் இல்லடி."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்ட?"

"நான் போவலன்னா அண்ணன் ஜெயிலுக்குப் போவான்" என்றாள், புடவையை மடித்துக்கொண்டே.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சூளையும் மறுபடி பொதுவாயிற்று. ஒரு பூஜையன்று அக்கா அங்கே எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அண்ணன் வெயிலில் வந்து நா வறண்டு நின்றான். மாமனாரைத் தாண்டிப் போய் முதல் டம்ளரை அவனிடம் நீட்டிவிட்டாள். அந்த வரிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"பொறந்த வூட்டு ஆளுக்குத்தான் மொத மரியாதையா?" என்று மாமாவின் தம்பி ஆரம்பித்தார். பழையதெல்லாம் கிளம்பியது. விறகுக்கட்டையை முதலில் எடுத்தது யார் என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அண்ணன் அடித்த அடியில் அத்தான் விழுந்தார். பிழைக்கவில்லை.

கோர்ட்டில் அக்கா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அண்ணன் ஜெயிலுக்குப் போனான். மாமா வீட்டில் அவள் கொலைகாரனின் தங்கை; எங்கள் வீட்டில் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள். இரண்டு வாசலும் சாத்திக்கொண்டன. வேப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை தனியாகவே இருந்தாள். நான் எப்போதாவது போவேன். அந்தப் பழைய பாடத்தைப் பற்றி இருவருமே பேசியதில்லை.

இப்போது மாமாவின் மகள் வயிற்றுப் பேரனும் அண்ணன் மகனும் கூட்டாகத் தொழில் செய்கிறார்கள். லாபம் வருகிறது, பகை போயிற்று. அதற்கு எந்தப் பெண்ணும் தேவைப்படவில்லை. போன வருஷம் அக்காவின் சாவுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம். திரும்பும் வழியில் எல்லோரும் இறங்கி ஒன்றாக உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார்கள். நான் வேனிலேயே இருந்துவிட்டேன்.