காதில் பிடித்தது யார் கை

ராகலையிலிருந்து நுவரெலியா செல்லும் பஸ் அந்தத் திங்கட்கிழமை ஆறு நாற்பதுக்குப் புறப்பட வேண்டியது. ஆறு ஐம்பத்திரண்டுக்குத்தான் புறப்பட்டது என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, நான்கு வயது மகளை மடியில் வைத்திருந்தாள். குழந்தையின் கண்ணுக்கு ஆபரேஷன் நாள் குறிக்கவேண்டும். எட்டரைக்குள் கிளினிக்கில் துண்டுச் சீட்டைக் கொடுக்காவிட்டால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு.

சாரதியின் தொலைபேசி அடித்தது. ஓட்டும்போது பேசியதற்காக முந்தைய மாதம்தான் அவர் தண்டம் கட்டியிருந்தார். பாடம் படித்திருப்பார் என்று நினைத்தேன். படித்துத்தான் இருந்தார். நடத்துனர் ஓடிவந்து தொலைபேசியை எடுத்து அவர் காதோடு பிடித்துக்கொண்டார்!

"என்னங்க இது?" என்றேன்.

"பாத்துக்கங்க சேர், ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான். கையில புடிக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?" என்றார் நடத்துனர்.

"அண்ணனுக்கு மூணாவது கை மொளச்சிருக்கு சேர்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். பஸ்ஸே சிரித்தது.

பேச்சு மச்சானோடு, முட்டைக்கோவா விலை பற்றி. நடத்துனரின் தோள் இடப்பக்கக் கண்ணாடியை மறைத்தது. வளைவு வந்தது. இரண்டு கைகளும் ஸ்டேரிங்கிலேயே இருந்தும் ஹோர்ன் அடிக்க அவருக்குத் தோன்றவில்லை. எதிரே லொறி. ஒடித்துத் திருப்பியதில் இடது முன்சில்லு வீதியோர வடிகானுக்குள் இறங்கி, பஸ் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. "நல்ல கை, தப்பிச்சோம்" என்று சாரதியைத்தான் பாராட்டினார்கள்.

பொலிஸ்காரர் வந்ததும், போன் தன் கையிலேயே இல்லை என்று சாரதி சிங்களத்தில் சத்தியம் செய்தார். நடந்ததைச் சொன்னேன். இன்னொரு சாட்சியும் கையெழுத்து வைத்தால் எழுதலாம் என்றார் பொலிஸ்காரர். சற்றுமுன் சிரித்தவர்கள் எல்லோரும் தேயிலைச் செடிகளை எண்ணத் தொடங்கினார்கள்.

"விடுங்க சேர். நாளைக்கும் இவரு பஸ்லதானே போகணும்?" என்றார் ஒரு பயணி.

"போறதுக்கு உயிரு வேணாமா?" என்றேன்.

"நான் வைக்கிறேன் சேர்" என்றாள் அந்தப் பெண். வாக்குமூலம் எழுத அரை மணி நேரமாகும் என்றார் பொலிஸ்காரர். மணி ஏழு நாற்பத்தொன்று. அப்போதே நுவரெலியா போகும் வேன் ஒன்று நின்றது. ஒரே ஓர் இடம் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ போம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? இவர்களுடைய மூன்றாவது கைக்காக அந்தக் குழந்தையின் கண் காத்திருக்க வேண்டுமா?

அவள் போனதும், வழுக்கும் வீதியே விபத்துக்குக் காரணம் என்று பொலிஸ்காரர் எழுதினார். அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதில் கையெழுத்திட மறுத்தேன்.

மாலை நாலரைக்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். "எட்டு இருபத்தேழுக்குத் துண்டக் குடுத்தேன் சேர். ஆபரேஷனுக்கு நாள் தந்துட்டாங்க." பிறகு கேட்டாள்: "நாளைக்குப் போய்க் கையெழுத்து வச்சா எடுத்துக்குவாங்களா?"

"உன்ன பஸ்ல ஏத்தமாட்டாங்கம்மா."

"ஏத்தாட்டிப் போகட்டும். ஆபரேஷன் அன்னைக்கு எம் புள்ளைய இவங்களை நம்பியா கூட்டிட்டுப் போறது?"

மறுநாள் காலை இருவரும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தே போனோம். எழுதி முடித்த விஷயம் என்றார்கள். திருத்தி எழுதுங்கள் என்று சொல்லி, அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துகொண்டோம்.