பள்ளிக்கூடத்து வயது

எனக்கு இரண்டு பிறந்தநாள். மார்ச்சில் வருவது வீட்டுப் பிறந்தநாள். அன்று அம்மா காலையிலேயே சேமியா பாயசம் வைத்துவிடுவாள். மே இருபதில் வருவது பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். அன்று வங்கியிலிருந்தும் போன் கம்பெனியிலிருந்தும்தான் வாழ்த்து வரும். ஆம்பூர்ப் பக்கம் என் வயதுக்காரர்களில் பலருக்கும் இப்படித்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக, சேர்க்கும் வாத்தியாரே தோதாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எனக்குப் போட்டதில் பத்து மாதம் கூடிப்போனது. முப்பத்தொன்பது வயது வரைக்கும் இதை நான் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

நான் டேனரி லேபில் கெமிஸ்ட். முதல் ஏழு வருடம் ராணிப்பேட்டையில், அப்புறம் ஆம்பூரில். தோல் கழுவிய தண்ணீரில் குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது வேலை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினாறு வருடமாக, வாயில் வைக்க முடியாத தண்ணீரையே சோதித்துக்கொண்டிருந்தால் ஒருவிதமான சலிப்பு வந்துவிடுகிறது. குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கும் லேபில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் கெமிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்தோடு போய்த் தங்கிவிடலாம் என்று தெரிந்ததும் நானும் என் கணவரும் ஒரே வாரத்தில் முடிவெடுத்துவிட்டோம்.

அதற்குப் புள்ளிகள் உண்டு. படிப்புக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை. நாற்பது நிரம்புகிற அன்று வயதுப் புள்ளியில் பத்து குறைந்துவிடும். என்றைக்கு விண்ணப்பித்தோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. புள்ளி அதிகம் உள்ளவர்களைச் சுற்றுச் சுற்றாக விசாவுக்கு அழைப்பார்கள்; அந்த அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதுதான் வயது. நாங்கள் ஆரம்பித்தபோது, காகிதப்படி எனக்கு நாற்பது நிரம்பும் மே இருபதுக்கு ஒன்பது மாதம் இருந்தது. தாராளமாகப் போதும் என்றார் வேலூரில் எங்களுக்காகக் காகிதங்களைப் பார்த்துக்கொடுத்தவர்.

போதவில்லை. முதலில் அனுபவச் சான்றிதழ் வேண்டும். ராணிப்பேட்டை டேனரி எப்போதோ மூடிவிட்டது. அங்கே எனக்கு மேலே இருந்த மேனேஜர் ஓய்வு பெற்று அரக்கோணத்தில் மகள் வீட்டில் இருந்தார். தேடிப் பிடித்துப் பேசினேன். "பேஜார் ஆவாதம்மா, நான் எழுதித் தர்றேன்" என்றார். கண் ஆபரேஷன், பேத்தி கல்யாணம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். ஏழு வருடத்தில் நான் காரணமில்லாமல் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை, குரலை உயர்த்திப் பேசியதில்லை, நல்ல குடும்பத்துப் பெண், தன் மகளைப் போன்றவள். படித்து நான் அழுதேவிட்டேன். காகிதங்களைச் சரிபார்க்கும் ஆஸ்திரேலிய அலுவலகத்தில் யாரும் அழவில்லை. இந்தப் பெண் என்னென்ன கருவிகளில் வேலை செய்தாள், என்னென்ன சோதனை செய்தாள், அதையெல்லாம் காணோமே என்று சில வாரங்கள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போனில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். "நல்ல பொண்ணுன்னு எழுதனது தப்பாம்மா?" என்றார்.

"தப்பு இல்ல சார். அதுக்கு அவங்க மார்க் தர மாட்டாங்களாம்."

"அப்போ அவங்களுக்கு இன்னா வேணும்? மெஷின் பேரா?"

மெஷின் பேர்தான் வேண்டியிருந்தது. நான் எழுதிக் கொடுத்து, அவர் கையெழுத்துப் போட்டு, மறுபடி அனுப்பி, அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னபோது ஏப்ரல் ஆகிவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்தது. யார் மேலாவது வர வேண்டுமே.

அதன்பின் ஒரே ஒரு சுற்று அழைப்பு நடந்தது. அதில் நான் இல்லை. மே இருபது காலையில், வங்கியின் வாழ்த்துக்குப் பத்து நிமிடம் கழித்து, உங்கள் புள்ளிகள் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு மெயில் வந்தது. யாரும் உட்கார்ந்து எழுதியது இல்லை, தானாக வருவது. பத்துப் புள்ளி போயிருந்தது. மீதி இருந்த புள்ளிக்கு என் வேலையில் யாரையும் அழைப்பதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எனக்கு நான்கு வயது இருக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாப்பதா? உனக்கு முப்பத்தொம்பது தானேடி ஆவுது" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அத போயி அவனுங்க கிட்ட சொல்லு. ஸ்கூல்ல நீதானே கூட்டிப் போட வச்ச."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்தில் வயதுக்கு ஒரு பரீட்சை இருந்தது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. நான் தொட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"உனக்கு எட்டல" என்றாள் அம்மா. "அடுத்த வருசம் இட்டுனு வான்னு சொல்ட்டாரு வாத்தியாரு. எனக்கு ஷூ கம்பெனில மறுநாள் சேரச் சொல்லிக்கிறாங்க. உன்ன யாரு பாத்துப்பா? அதான் உன் தலைய இந்தப் பக்கமா கொஞ்சம் சாச்சேன். எட்டிடுச்சி. அவரும் பாத்தும் பாக்காத மாதிரி எழுதிகினாரு."

நான் அப்போது சும்மா இருந்திருக்க வேண்டும். "ஒரு வருசம் பொறுத்திருந்தா செத்தா போயிருப்போம்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா மறுபடி பீன்ஸைக் கையில் எடுத்தாள். "அத்தை கிட்ட இன்னா பேச்சு இது?" என்று அப்போதுதான் உள்ளே வந்த என் கணவர் அதட்டினார். அந்த வருடம் அம்மா முப்பத்தாறு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்திருக்காவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டேன். இரண்டு நாள் அவளும் நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் டேனரி கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். அம்மா வந்திருக்கிறாள் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். காலை பஸ்ஸில் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறாள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பாஸ்டரைப் பிடித்து, பழைய பதிவேட்டைத் தேட வைத்து, அதிலிருந்து எழுதி வாங்கிய சான்றிதழை பாலிதீன் கவரில் போட்டு, கவரை மடித்து மார்போடு வைத்திருந்தாள்.

"பாரு, பொறந்த தேதி கரெக்டா போட்டுக்குது. முத்திரையும் வாங்கிகினேன். இத அவனுங்களுக்கு அனுப்பு" என்றாள்.

கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிகிரி எல்லாவற்றிலும் மே இருபதுதான் இருக்கிறது. இனிமேல் மாற்ற முடியாது. இதை அனுப்பினால் இவள் இரண்டு தேதி வைத்திருக்கிறாளே என்று சந்தேகம்தான் வரும். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அவள் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல எழுதனது கூட செல்லாதா?"

"செல்லாது மா."

டீ வந்தது. அவள் தொடவில்லை. அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"உன் கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத. நீ போவக் கூடாதுன்னு ஜெபம் பண்ணேன் நான்."

எனக்குப் புரியவில்லை. "எப்போ?"

"நீ போறேன்னு சொன்ன நாள்லேந்து. வாரா வாரம். இவ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்னு. ஆண்டவர் கேட்டுட்டாரு. அன்னிக்கி உன் மூஞ்சப் பாத்தேன் பாரு, எனக்குத் தாங்கல. அதான் நானே போயி இத வாங்கினு வந்தேன். இதுவும் ஆவலன்றியே."

ஒன்பது மாதம். நான் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் பக்கத்து அறையில் முழங்காலில் நின்று இவள் இதைத்தான் கேட்டிருக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எங்களோடு அம்மாவுக்கும் விசா கிடைக்காது என்று தெரிந்திருந்தும், ஒன்பது மாதத்தில் ஒரு தடவை கூட, நீ இங்கே தனியாக என்ன செய்வாய் என்று நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் நான் ஒரே மகள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தையல் மெஷினில் காய்த்துப்போன விரல்கள். இன்னும் முழுசாக முடியவில்லை என்று சொன்னேன். கணவர் ஆங்கிலப் பரீட்சை எழுதினால் ஐந்து புள்ளி கூடும்; அங்கே பெரிய நகரங்களை விட்டு ஊர்ப்பக்கம் போய் வேலை செய்கிறோம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்; எங்கேயோ ஒரு சின்ன ஊரில் தண்ணீர் லேபில் கிடைத்தாலும் கிடைக்கலாம். அவளை அங்கே அழைத்துக்கொள்வதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் மறுபடி முயற்சி பண்ணட்டுமா, வேணாமா? நீ சொல்லு மா" என்றேன்.

"பண்ணு."

"அப்போ இந்தத் தபா அந்த ஜெபத்த விட்டுடு."

அம்மா ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"விட மாட்டேன். நீ போவணும்னே பண்றேன்" என்றாள். "ஆனா அழுதுகினேதான் பண்ணுவேன். அதுக்கு ஒண்ணும் சொல்லாத."